13 வயதில் முதுகுவலி: வேகப்பந்து மட்டுமே போதும் என்று மற்ற விளையாட்டுகளை நிறுத்தியது சரியா?

கொங்குத்தந்தை எழுதியது:

வணக்கம். நான் கோவையில் வசிக்கிறேன். என் மகனுக்கு 13 வயது முடிந்து ஆறு மாதம் ஆகிறது. வலது கை வேகப்பந்து வீச்சாளன். மூன்று வாரங்களாக இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் இடது பக்கத்தில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் வலிக்கிறது என்கிறான். குனிந்து ஷூ நாடாவைக் கட்டும்போது வலிப்பதில்லை. பின்னால் வளையும்போதும், பந்து வீசிவிட்டு வந்த இரவிலும் வலிக்கிறது. மறுநாள் காலையில் எழுந்து சாதாரணமாகப் பள்ளிக்குக் கிளம்பிவிடுவதால் முதலில் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அகாடமிப் பயிற்சியாளர் இது தசைப்பிடிப்புதான் என்றும், வெந்நீர் ஒத்தடமும் தைலமும் போதும் என்றும் சொல்கிறார். இன்னும் இரண்டு வாரத்தில் 14 வயதுக்குட்பட்டோருக்கான மாவட்ட அணித் தேர்வு வருகிறது.

பத்து வயது வரை அவன் நீச்சலுக்கும் கால்பந்துக்கும் போய்க்கொண்டிருந்தான். கால்பந்தில் காலை உடைத்துக்கொண்டால் கிரிக்கெட் போய்விடும் என்று அகாடமியில் எச்சரித்ததால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினோம். இப்போது காலுக்கு ஒன்றும் இல்லை, முதுகுதான் வலிக்கிறது.

எனக்கு இரண்டு கேள்விகள் உள்ளன. இந்த வலிக்கு ஸ்கேன் வரை போக வேண்டுமா? இந்த வயதில் ஒரே விளையாட்டில் இறக்கியதே தவறா?

---

இயன்முறை_சென்னை எழுதியது:

ஐயா, நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் இயன்முறை மருத்துவர். எழுத்தை மட்டும் வைத்து நோய் இன்னதென்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நான்கு செய்திகள், அதாவது வலது கைப் பந்துவீச்சாளன், இடது பக்கக் கீழ்முதுகு, விரல்நுனி அளவு இடம், பின்னால் வளைந்தால் வலி ஆகியவை ஒன்றாக வரும்போது, வேறென்று உறுதியாகும் வரை அதை எலும்பின் நுண்விரிசலாகவே நாங்கள் கருதுவோம். எனவே இன்றிலிருந்து பந்துவீச்சை முழுவதுமாக நிறுத்திவிட்டு, விளையாட்டு மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பாருங்கள். தேர்வு இரண்டு வாரத்தில் இருக்கிறது என்பது இதில் கணக்கே அல்ல.

ஏன் இடது பக்கம் என்று கேட்பீர்கள். வலது கைக்காரர் பந்தை விடும் கணத்தில் இடது கால் கிரீஸில், அதாவது பந்து வீசும் கோட்டில், அறைந்து ஊன்றுகிறது. அந்த ஊன்றலில் தரையிலிருந்து திரும்பி வரும் விசை உடல் எடையைப் போல ஐந்து மடங்கும் அதற்கு மேலும் இருக்கும். அதே நொடித்துணுக்கில் உடல் பின்வளைந்த நிலையிலிருந்து இடப்பக்கம் சாய்ந்து, முறுக்கிக்கொண்டு முன்னே வருகிறது. கீழ்முதுகு முள்ளெலும்பின் பின்புறத்தில், மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் ஒரு மெல்லிய எலும்புப் பாலம் உண்டு. விசை, சாய்வு, முறுக்கு மூன்றும் சேர்ந்து அந்த இடது பக்கப் பாலத்தை நசுக்குகின்றன. ஒரு பந்தால் எதுவும் ஆகாது. கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகுமோ அதுதான் பல்லாயிரம் பந்துகளில் நடக்கிறது. கீழ்முதுகு எலும்பு முழு வலிமை பெறுவதற்கு இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும் என்பதால், 13 வயதுப் பாலம் இன்னும் கட்டி முடிக்காத பாலம்.

தொடக்க நிலையில் சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எலும்புக்குள் நீர் கோத்திருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் பையனை மறுபடி நெட் பயிற்சிக்கு அனுப்பி, ஆறு வாரம் கழித்து விரிசலோடு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேலை செய்யுங்கள். பையனை உட்கார வைத்து, ஒரு வாரத்தில் எங்கெங்கே எத்தனை பந்து வீசுகிறான் என்று கேட்டு எழுதுங்கள். அகாடமி, பள்ளி, ஆட்டம், தனிப்பயிற்சி, மொட்டை மாடி என எதையும் விடாதீர்கள்.

---

நேர்கோடு எழுதியது:

எல்லாவற்றையும் பயமுறுத்தியே எழுதினால் யாரும் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்ப மாட்டார்கள். வேகப்பந்து வீசுபவனுக்கு முதுகு வலிக்கத்தான் செய்யும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973இல் முதுகெலும்பு முறிந்து ஓய்வெடுத்து, 1974-75 தொடரில் திரும்பி வந்து இங்கிலாந்தை அலற வைக்கவில்லையா? வலியைத் தாங்கத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்பது என் கருத்து. பத்து வயதில் எல்லா விளையாட்டையும் தொட்டுப் பார்ப்பது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குச் சரி; மற்றவர்களுக்கு ஒன்றைப் பிடித்து மேலே ஏறுவதுதான் வழி.

---

ஓய்வுபெற்ற_பிஇடி எழுதியது:

முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சில சொற்கள். நேர்கோடு நண்பர் லில்லியைச் சொன்னார். லில்லிக்கு அந்த முறிவு வந்தபோது வயது 23. அவர் ஓடியது சிறுவர் ஆட்டத்தில் அல்ல, டெஸ்ட் ஆட்டத்தில். அதன்பின் அவர் பழைய படியே வீசவும் இல்லை. உடலை மாதக்கணக்கில் தயார்செய்து, வீசும் முறையையும் மாற்றிக்கொண்டுதான் வந்தார். அதே லில்லி 1987இல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையத்துக்கு வந்தபோது, நம் பையன்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தவற்றுள் ஒன்று உடலை முறுக்காமல் வீசுவது. இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் பார்க்கும் கலப்பு முறையில் வீசுபவனுக்கு முதுகு சீக்கிரம் போகும் என்பது அன்றிலிருந்தே பேசப்பட்டு வருகிறது.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் பள்ளியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குறுவட்டப் போட்டிகள். ஒரே பையன் கபடியிலும் இருப்பான், நீளம் தாண்டுதலிலும் இருப்பான், கைப்பந்திலும் நிற்பான், ஏனென்றால் ஆள் பற்றாக்குறை. மழைக்காலத்தில் மைதானமே கிடையாது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் அவன் கிணற்றிலோ மாமா வீட்டிலோ கிடப்பான். யாரும் திட்டமிடாமலே அவன் எலும்புக்கு வேலையும் மாறியது, ஓய்வும் கிடைத்தது. இப்போது அதே ஏப்ரல், மே மாதங்கள்தான் கோடைப் பயிற்சி முகாம் என்ற பெயரில் ஆண்டிலேயே அதிகம் வீசும் மாதங்களாகிவிட்டன. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், அதுவும் சிமெண்ட் தளத்தின் மேல் விரித்த மேட்டிங்கில். முன்னங்கால் விழும் இடத்தில் மேட்டிங் நைந்து, கீழே இருக்கும் சிமெண்ட் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிவதை நீங்களே போய்ப் பார்க்கலாம். அந்தச் சிமெண்டில்தான் பையனின் குதிகால் நாளுக்கு நூறு முறை விழுகிறது.

எங்கள் காலத்துப் பிள்ளைகள் இரும்பு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிஸ்கட் என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை. அன்றைய பையனை ஆண்டு முழுவதும் நெட்டில் நிறுத்தியிருந்தால் அவனும் உடைந்துதான் இருப்பான்.

---

கொங்குத்தந்தை எழுதியது:

இயன்முறை மருத்துவர் சொன்னபடி பையனிடம் கேட்டு எழுதினேன். எழுதி முடித்ததும் அவன் அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தாள்.

திங்கள், புதன், வெள்ளி காலையில் பள்ளி வலைப்பயிற்சி, நாளுக்கு 7 ஓவர், அதாவது 42 பந்து. செவ்வாய், வியாழன் மாலை அகாடமியில் 10 ஓவர், 60 பந்து. சனிக்கிழமை பள்ளிக்காகவோ அகாடமிக்காகவோ ஓர் ஆட்டம், 8 ஓவர். ஞாயிற்றுக்கிழமை வேறோர் அணிக்காக இன்னோர் ஆட்டம், மறுபடி 8 ஓவர். ஞாயிறு மாலை, நான் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்த ஒருவரிடம் யார்க்கருக்கென்று 36 பந்து. கூட்டினால் வாரத்துக்கு 378 பந்து, 63 ஓவர். வெறும் கையோடு இருக்கும் நாள் ஒன்றுகூட இல்லை. ஆட்டத்துக்கு முன் சூடேற்றிக்கொள்ள வீசும் பந்துகளையும், மாடியில் டென்னிஸ் பந்தில் வீசுவதையும் நான் சேர்க்கவில்லை.

பள்ளி ஆசிரியரைக் கேட்டால் வாரத்துக்கு 21 ஓவர்தானே என்பார், அது உண்மை. அகாடமியில் கேட்டால் 20 ஓவர் என்பார்கள், அதுவும் உண்மை. இவர்கள் யாருமே பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். காரில் ஒவ்வோர் இடத்துக்கும் கொண்டுபோய் விட்டவன் நான். நான் கூட்டவில்லை.

---

இயன்முறை_சென்னை எழுதியது:

உங்கள் மேல் மட்டும் பழியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். என்னிடம் வரும் பெற்றோரில் பத்துக்கு ஒன்பது பேரிடம் இந்தக் கணக்கு இருப்பதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் தருகிறேன். இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கென்று விதித்திருக்கும் வரம்பில், 14, 15 வயதுக்குட்பட்டோர் ஒரு ஸ்பெல்லில், அதாவது ஒரே தொடர்ச்சியாக, 6 ஓவரும் ஒரு நாளில் 12 ஓவரும்தான் வீசலாம். 13 வயது வரை அது 5 ஓவரும் 10 ஓவரும். 16, 17 வயதுக்குட்பட்டோருக்கு 7 ஓவரும் 18 ஓவரும். உங்கள் பையனின் நாள் கணக்கு இந்த வரம்புக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆனால் அதே வழிகாட்டுதலில் இன்னொரு வரி உண்டு: ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் வீசக்கூடாது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வீசக்கூடாது. உங்கள் பையன் ஏழு நாளும் வீசியிருக்கிறான். எலும்பு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்வது ஓய்வு நாளில்தான். பழுதுபார்க்கும் வேகத்தை விடத் தேயும் வேகம் கூடும்போதுதான் விரிசல் வருகிறது.

யார் வேகப்பந்து வீச்சாளர் என்பதற்கும் அந்த வழிகாட்டுதல் ஓர் அழகான அளவு சொல்கிறது. அதே வயதுடைய விக்கெட் கீப்பர் யாருக்கு வழக்கமாகப் பின்னால் தள்ளி நிற்பாரோ அவர்தான் வேகப்பந்து வீச்சாளர். என் பையன் மீடியம் பேஸ்தானே என்று தப்பித்துக்கொள்ள முடியாது.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 2015இல் அமெரிக்காவில் 7 முதல் 18 வயது வரையிலான ஏறத்தாழ 1,200 இளம் விளையாட்டு வீரர்களை வைத்துச் செய்த ஆய்வில், வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் வாரத்தில் பயிற்சி எடுத்தவர்களுக்கும், விருப்பம்போல் ஓடியாடும் நேரத்தைப் போல இரு மடங்குக்கு மேல் முறையான பயிற்சியில் செலவழித்தவர்களுக்கும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் கடுமையான மிகைப்பயன்பாட்டுக் காயங்கள் கூடுதலாக இருந்தன. ஒரே விளையாட்டில் இறங்கியவர்களுக்கு, மணி நேரத்தைக் கணக்கில் எடுத்து ஒதுக்கிய பிறகும், ஆபத்து தனியாக மிஞ்சி நின்றது. 13 வயதுக்கு 13 மணி நேரம் என்பது நினைவில் வைத்துக்கொள்ள எளிதான கணக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயது வரை ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்றும், வாரத்தில் ஒன்றிரண்டு நாளும் ஆண்டில் மொத்தம் மூன்று மாதமும் முதன்மை விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விலகியிருப்பது என்றால் சோபாவில் படுத்திருப்பதல்ல. நீந்தலாம், பந்து உதைக்கலாம்.

---

நெட்டுக்கு_மேலே எழுதியது:

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். நான் வாலிபால் ஆடியவன். தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், கோயில் திருவிழா மின்னொளிப் போட்டிகளில் விடிய விடிய ஆடி வளர்ந்தவன். பன்னிரண்டு வயதில் என் உயரத்தைப் பார்த்து ஸ்மாஷராக நிறுத்தினார்கள். அதன்பின் வேறெதையும் தொட்டதில்லை. பதினான்கு வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு புடைப்பு எழுந்தது. மண்டியிட்டால் உயிர் போகும். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினேன். பத்தொன்பதில், குதித்து இறங்கும்போது முழங்காலின் உள்ளே "டப்" என்று ஒரு சத்தம். முன் சிலுவைத் தசைநார் அறுந்து, அதோடு மூட்டுச் சவ்வும் கிழிந்திருந்தது. கிழிந்த சவ்வைத் தைக்காமல் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

இப்போது எனக்கு 41 வயது. பேருந்தில் உயரமான படியென்றால் வலது காலைத்தான் முதலில் வைப்பேன். கோயிலில் சம்மணமிட்டு உட்கார முடியாமல் தூணோரமாக நின்றுகொண்டிருப்பேன். என் மகள் கழிவறைக்கு நாற்காலி வேண்டுமா என்று கேட்ட அன்றைக்குத்தான் நான் வயதாகிவிட்டதை உணர்ந்தேன். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டாள்.

கொங்குத்தந்தை அவர்களுக்குச் சொல்வது இதுதான். எலும்பு விரிசல் பெரும்பாலும் ஒட்டிச் சேர்ந்துவிடும். காலம் கொடுத்தால் போதும். குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது என்று என் மருத்துவர் விளக்கினார். அது தேய்ந்தால் தேய்ந்ததுதான். உங்கள் பையனுக்கு வந்திருப்பது எலும்பாகவே இருந்தால், சரியான நேரத்தில் எச்சரிக்கை வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

---

இறகுப்பந்து_அம்மா எழுதியது:

மேலே எழுதியவரின் முழங்கால் புடைப்பைப் படித்ததும் நெஞ்சு திக்கென்றது. என் மகளுக்கு 12 வயது. பேட்மிண்டன் மட்டும்தான் ஆடுகிறாள். அதே இடத்தில், இரண்டு முழங்காலிலும், பட்டாணி அளவுக்குப் புடைத்திருக்கிறது. தொடை பலவீனமாக இருப்பதால்தான் இப்படி என்று சொல்லி, அவளைக் கட்டடத்தின் நான்கு மாடிப்படியும் ஏறி இறங்க வைக்கிறார்கள். சாய்னா நேவால் 2024இல், 34 வயதில், தன் முழங்காலில் மூட்டுத்தேய்வு இருப்பதையும் குருத்தெலும்பு கெட்டுப்போனதையும் சொன்னபோது, ஒலிம்பிக் பதக்கத்துக்குக் கொடுத்த விலை என்று நினைத்துக்கொண்டேன். பதக்கமே இல்லாமல் அந்த விலையைக் கொடுப்பவர்கள்தானே அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

---

இயன்முறை_சென்னை எழுதியது:

அம்மா, முதலில் பயப்படாதீர்கள். வளரும் வயதில் தொடைத் தசையின் நாண் முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பில் வந்து சேரும் இடம் இன்னும் இளகிய வளர்ச்சித் தட்டாகவே இருக்கும். பிள்ளை சட்டென்று உயரும் மாதங்களில் எலும்பு முந்திக்கொண்டு நீள, தசை பின்தங்கி இறுகி, அந்த இடத்தை இழுக்கிறது. இழுத்த இடம் புடைத்து வலிக்கிறது. பெரும்பாலானோருக்கு வளர்ச்சி முடிந்ததும் வலி அடங்கிவிடும். புடைப்பு மட்டும் நின்றுவிடலாம். மேலே எழுதிய நண்பருக்குப் பின்னாளில் தசைநார் அறுந்தது வேறு கதை. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட வேண்டாம்.

மாடிப்படியை மட்டும் நிறுத்துங்கள். குதிப்பதையும், ஒற்றைக்காலை முன்னே நீட்டி அமரும் அசைவையும் வலி அடங்கும் வரை குறையுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முன் சிலுவைத் தசைநார் அறுவது ஆண் பிள்ளைகளைவிட அதிகம் என்பதால், குதித்து இறங்கும் முறையை இப்போதே கற்றுக்கொடுப்பது நல்லது. முழங்கால் உள்நோக்கி மடியாமல், பூனைபோல ஓசையின்றி இறங்க வேண்டும். கால்பந்துக்காக உருவாக்கிய "பதினொன்று பிளஸ்" என்ற இருபது நிமிட உடற்பயிற்சித் தொகுப்பை நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அதற்குக் கருவியோ கட்டணமோ தேவையில்லை. இருந்தும் நம் பயிற்சி மையங்களில் அதை நான் கண்டதே அரிது.

---

நேர்கோடு எழுதியது:

எல்லோரும் மருத்துவம் பேசுகிறீர்கள்; நான் பிழைப்பைப் பேசுகிறேன். ஏழாம் வகுப்பிலேயே அரசு விளையாட்டு விடுதிக்குத் தேர்வு நடக்கிறது. அங்கே போய் எனக்கு மூன்று விளையாட்டு தெரியும் என்றால் யாரும் இடம் தர மாட்டார்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு, அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு எல்லாமே சான்றிதழைக் கேட்கின்றன. சான்றிதழ் ஒரே விளையாட்டில் மேலே போனவனுக்குத்தான் கிடைக்கிறது. என் அண்ணன் மகன் கபடிச் சான்றிதழால் வேலைக்குப் போனவன். அவனுக்கும் முழங்கால் வலி உண்டு. ஆனால் வீட்டில் அடுப்பெரிகிறது. அமெரிக்க மருத்துவர் ஆண்டில் மூன்று மாதம் ஓய்வெடு என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த மூன்று மாதத்தில் இடம் போனால் யார் தருவது?

இன்னொன்று. சச்சின் பதினாறு வயதில் டெஸ்ட் ஆடினார். ஜிம்னாஸ்டிக்கில் ஆறு வயதில் தொடங்காவிட்டால் தொடங்கவே வேண்டாம். சீக்கிரம் தொடங்கியவன் சாதித்ததற்கு எடுத்துக்காட்டுகள் இல்லையா?

---

வடமராட்சியான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நேர்கோடு அண்ணன் பிழைப்பைப் பற்றிச் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. எங்கட பக்கத்திலும், யாழ்ப்பாணத்தின் இரண்டு பள்ளிகள் ஆண்டுதோறும் மோதும் கிரிக்கெட் ஆட்டமான வடக்கின் பெருஞ்சமரில் ஆடிவிட்டால் ஊருக்குள் மரியாதையே வேறு என்பதால், அந்த மூன்று நாளுக்காகப் பொடியன்கள் வருடம் முழுவதும் உடம்பை முறிக்கிறார்கள்.

ஆனால் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு வழக்கை வெல்ல முடியாது என்பது என் எண்ணம். நீங்கள் சச்சினைச் சொன்னால் நான் வருண் சக்கரவர்த்தியைச் சொல்வேன். பதினேழு வயது வரை விக்கெட் கீப்பர், பிறகு கட்டடக்கலை படித்து வேலை பார்த்து, டென்னிஸ் பந்தில் திரும்பி வந்தவர். சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபதை நெருங்கும் வரை டென்னிஸ் பந்தில்தான் வீசினார். உடனே யாராவது நடராஜனுக்கும் 2021இல் முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்ததே என்பார்கள், அதுவும் உண்மை. எங்கள் லசித் மாலிங்க பதினேழு வயதளவில்தான் தோல் பந்தைத் தொட்டார். அவரே 2011இல், 27 வயதில், வலது முழங்காலின் தேய்வைக் காரணம் சொல்லி டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகினார். பிந்தித் தொடங்கினால் மூட்டுக்கு விலக்கு உண்டு என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆகவே எந்த வயதில் தொடங்கினான் என்ற கேள்வியைவிட, எத்தனை பந்து, எத்தனை நாள் இடைவெளி, எந்தத் தரையில் என்ற கேள்விதான் பயன்படும். கொங்குத்தந்தை ஐயா அந்தக் கணக்கைப் போட்ட இடத்திலேயே இந்த இழை ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாக எனக்குப் படுகிறது.

சச்சினைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு: அவரும் 1987இல் வேகப்பந்து வீச்சாளராகும் ஆசையோடுதான் லில்லியிடம் சென்னைக்குப் போனார். நீ மட்டையைப் பிடி தம்பி என்று திருப்பி அனுப்பப்பட்டார்.

---

இயன்முறை_சென்னை எழுதியது:

வடமராட்சியான் சொன்னதை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் ஒரே விளையாட்டு என்பதும் பந்துக் கணக்கும் வெவ்வேறல்ல. ஒரே விளையாட்டில் இருக்கும் பிள்ளையிடம்தான் நான்கு இடங்களிலிருந்து நான்கு பேர் அதே அசைவைக் கேட்கிறார்கள். நீச்சலுக்குப் போகும் நாளில் அவனால் பந்து வீச முடியாது, அவ்வளவுதான் அதன் மருத்துவ மதிப்பில் பாதி.

ஜிம்னாஸ்டிக்கில் சீக்கிரம் தொடங்க வேண்டியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் பெண்களுக்கான சீனியர் பன்னாட்டுப் போட்டியின் கீழ் வயது வரம்பை 1997இல் 16ஆக உயர்த்தினார்கள். அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் பாரிஸ் ஒலிம்பிக்கில் 27 வயதில் தங்கம் வென்றார். தொடங்கும் வயதும் முழு பாரம் ஏற்றும் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பேட் கம்மின்ஸ் 2011இல், 18 வயதில், முதல் டெஸ்டிலேயே ஓர் இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனானார். அடுத்த டெஸ்ட் ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடையில் போன ஐந்து ஆண்டுக்கு மேலான காலத்தில் பெரும்பகுதி முதுகெலும்பு விரிசலுக்குத்தான். ஆஸ்திரேலிய வாரியம் அவரைக் காத்திருக்க விட்டது. அந்த வசதி எல்லோருக்கும் இல்லை என்ற நேர்கோடு அவர்களின் குறை நியாயமானது. அதற்கு மருத்துவத்தில் விடை கிடையாது, தேர்வு விதிகளில்தான் உண்டு.

---

ஓய்வுபெற்ற_பிஇடி எழுதியது:

தேர்வு விதி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 16 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட்டில் வயது மோசடியைப் பிடிக்க, பையனின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள். எலும்பு முதிர்ந்திருந்தால் வெளியே அனுப்புகிறார்கள். எலும்பு இன்னும் முதிரவில்லை என்று அதே படம் சொல்லும்போது, அப்படியானால் இவனுக்கு இத்தனை ஓவர்தான் என்று யாராவது எழுதி வைக்கிறார்களா என்றால், நான் பார்த்த அளவில் இல்லை. கையில் படம் இருக்கிறது, பாதிக்கேள்விக்குத்தான் அதைப் படிக்கிறோம்.

---

கொங்குத்தந்தை எழுதியது:

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. கீழ்முதுகின் ஐந்தாவது முள்ளெலும்பில், இடது பக்கப் பாலத்தில், எலும்புக்குள் நீர்க்கோப்பும் அதனுள் மெல்லிய விரிசல் தொடக்கமும் இருக்கின்றன. வலது பக்கம் நன்றாக இருக்கிறது. இரண்டு பக்கமும் விரிசல் விட்டிருந்தால் எலும்பு முன்னே நழுவும் வாய்ப்பு உண்டென்று மருத்துவர் படத்தில் காட்டினார். குறைந்தது நான்கு மாதம் பந்தைத் தொடக்கூடாது. முதல் ஆறு வாரம் ஓடவும் கூடாது.

பையன் மருத்துவர் அறையில் அழவில்லை. காரில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்ட பிறகு, "அப்பா, தேர்வுக்கு என் பெயரை அடித்துவிடுவார்களா?" என்று மட்டும் கேட்டான். அடித்துவிட்டார்கள். அகாடமியில் ஒருவர், இரண்டு வாரம் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு தேர்வை முடித்துவிட்டுப் பிறகு ஓய்வெடுத்திருக்கலாமே என்று தொலைபேசியில் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று நம்புகிறேன். நான் வைத்துவிட்டேன்.

---

நேர்கோடு எழுதியது:

ஊசி போட்டுக்கொண்டு ஆடச் சொன்னது தவறு. அதை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தம்பி சீக்கிரம் நலம் பெறட்டும். ஒதுக்கீடு பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றமில்லை.

---

கொங்குத்தந்தை எழுதியது (ஐந்து மாதம் கழித்து):

இந்த இழையை மறந்திருப்பீர்கள். விட்ட இடத்திலிருந்து எழுத வேண்டும் என்று தோன்றியது.

இரண்டாவது எம்.ஆர்.ஐ.யில் நீர்க்கோப்பு வற்றி, விரிசல் ஒட்டிச் சேர்ந்திருக்கிறது. இடையில் அவன் இடுப்பையும் வயிற்றுத் தசையையும் வலுப்படுத்தும் பயிற்சிகள் செய்தான், மூன்றாம் மாதத்திலிருந்து நீந்தினான், நான்கு சென்டிமீட்டர் வளர்ந்தான். சென்ற மாதம் வீச்சு முறையைப் படம்பிடித்துப் பார்த்தோம். பின்னங்கால் ஊன்றிய பிறகு தோள் அளவுக்கு மீறிப் பின்னால் திரும்பி முறுக்கிக்கொள்வது தெரிந்தது, அதைத் திருத்திக்கொண்டிருக்கிறான். முதல் நாள் நான்கு எட்டு வைத்து 12 பந்து. ஒரு நாள் விட்டு மறுபடி 12. எட்டு வாரத்துக்கு இயன்முறை மருத்துவர் அட்டவணை எழுதித் தந்திருக்கிறார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நாள், இடம், பந்து எண்ணிக்கை, வலி உண்டா இல்லையா, பயிற்சியாளர் கையொப்பம் என்று ஐந்து கட்டம் போட்டிருக்கிறேன். அது அவன் கிட் பையிலேயே இருக்கும். பள்ளி ஆசிரியர் முதலில் சிரித்தார். இப்போது அணியில் உள்ள மற்ற மூன்று வேகப்பந்துப் பையன்களுக்கும் அதேபோல் நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். அகாடமியை மாற்றவில்லை, ஆனால் அங்கே செவ்வாய்க்கிழமை மட்டும்தான். ஞாயிறு மாலைத் தனிப்பயிற்சியை விட்டுவிட்டோம். அந்த நேரத்தில் தெருப் பையன்களோடு கால்பந்து ஆடுகிறான். கால் உடையும் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

வரும் சனிக்கிழமைப் பள்ளி ஆட்டத்துக்கு அவனிடம் நான்கு ஓவர் கேட்டிருக்கிறார்கள். அட்டவணையில் இரண்டுதான் இருக்கிறது. இரண்டு என்று நோட்டில் எழுதி, கீழே கையொப்பமிட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.